மொட்டை மாடிச் சுருக்கி இன்னும் வேலை செய்கிறதா? அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

நம் ஊர் வீட்டுக்கு ஏது வெப்பத் தடுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, அதன் மேல்தான் வடாம் காயப் போடுகிறோம். கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து 3, 4 அங்குலம் கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதிக்கிறார்களே, அந்த அடுக்குதான். கொத்தனார்கள் சுருக்கி என்பார்கள், இன்ஜினியர்கள் வெதரிங் கோர்ஸ் என்பார்கள். மழைத் தண்ணீர் வாட்டமாக ஓடுவதற்காகப் போட்டது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெயிலைத் தடுப்பதும் அதன் வேலைதான்.

அது எப்படித் தடுக்கிறது என்பது தெரிந்தால், கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது சுலபம். செங்கல் ஜல்லிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவற்றில் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. அந்தத் துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்துவிட்டால்? அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஐப்பசியில் ஒழுகுவதும் சித்திரையில் வேகுவதும் பெரும்பாலும் ஒரே வியாதி. ஒழுகலுக்கு ஒருவரையும் வெக்கைக்கு இன்னொருவரையும் கூப்பிட்டு, இரண்டு தடவை செலவு செய்கிறோம். சுருக்கி ஈரமாகிவிட்டதா, ஆகியிருந்தால் எவ்வளவு தூரம் என்பதுதான் கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் பின்னால் உள்ள கேள்வி.

முதலில், குற்றவாளி கூரைதானா?

மாடி அறை சூடு என்றாலே கூரையைப் பழிப்பது வழக்கம். மாலை 6, 7 மணிக்கு மேற்குப் பக்கச் சுவரின் உள்புறத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை சுட்டால் அது மேற்கு வெயில் அடித்த சுவரின் சூடு. கூரைக்கு எத்தனை லட்சம் செலவழித்தாலும் அது குறையாது. ஜன்னல் கண்ணாடி வழியாக நேராக வெயில் விழும் அறைக்கும் இதே கதை. ஏசி விடாமல் ஓடுகிறது, கம்ப்ரஸர் நிற்பதே இல்லை என்றால், முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதில் ஒரு போர்வை கனத்துக்குத் தூசு இருக்கும்போது தளத்தைப் பெயர்க்கப் பேசுவது நியாயமில்லை.

இவை இல்லை என்று உறுதியான பிறகு மேலே ஏறலாம்.

ராத்திரி 10 மணிக்கும் சீலிங் அனல் வீசுகிறது

கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளம் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு கான்கிரீட்டைக் கடந்து கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் மதியத்தைவிட ராத்திரி மோசமாக இருக்கிறது. மின்விசிறி போட்டால் வெந்நீர் ஆவி போல இறங்குகிறது. கொஞ்சம் அனல் நல்ல வீட்டிலும் வரும், ஏனென்றால் சுருக்கி என்பது முழுத் தடுப்பு கிடையாது. 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, வீட்டுக் கூரை வழியாக வெப்பம் கடக்க ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் 5 அங்குலக் கான்கிரீட்டைக் கணக்குப் போட்டால் 3-க்கு மேல் வரும். உலர்ந்த, நல்ல சுருக்கியும் தட்டோடும் அதை 2-ஐ ஒட்டிக் கொண்டுவரும், அவ்வளவுதான். ஆகவே "சுருக்கி நல்லா இருந்தும் சூடா இருக்கே" என்பது புகாரே இல்லை. "போன வருஷத்தைவிட இந்த வருஷம் சூடு" என்பதும், "ஹாலைவிட அந்த மூலை ரூம் மட்டும் சூடு" என்பதும்தான் கவனிக்க வேண்டிய புகார்கள்.

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் ஒன்று இரவல் கிடைத்தால் போதும். வெயில் காய்ந்த நாளில், ராத்திரி 9 மணிக்கு, மாடி சீலிங்கில் நாலு அடிக்கு ஓர் இடமாக அளந்து, சுண்ணாம்புத் துண்டால் சீலிங்கிலேயே எழுதுங்கள் (மனைவி திட்டினால் தாளில் எழுதுங்கள்). எல்லா இடமும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் தளம் முழுவதும் ஒரே நிலையில் இருக்கிறது. நடுவில் ஒரு திட்டு மட்டும் மற்ற இடங்களைவிட 2, 3 டிகிரி விலகி நின்றால், அதற்கு நேர் மேலே மாடியில் போய்ப் பாருங்கள். அங்கே ஓடு விரிந்திருக்கும், அல்லது தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கும். ஈரத் திட்டு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும் என்றில்லை. மேலே ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தால் சில மணி நேரம் குறைவாகவும் காட்டும். விலகல்தான் துப்பு.

மழை நின்று நாலு நாள் ஆகியும் சொட்டுகிறது

எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. மழை பெய்யும்போது ஒழுகி, நின்றதும் ஒழுகலும் நின்றால், எங்கோ ஒரு விரிசல் நேராகத் திறந்திருக்கிறது, அதை அடைத்தால் போதும். வானம் வெளுத்துப் பல நாள் கழித்தும் சீலிங்கில் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டினால், சுருக்கி ரசத்தில் ஊறிய வடை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். குடித்ததை மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கிறது. மார்கழியில் மழையே இல்லை, சுவர் மட்டும் ஓதம் அடிக்கிறது என்பவர்களின் நிலைமை இதுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் புதிதாக ஒழுக ஆரம்பித்தால் சுருக்கியை விட்டுவிட்டு மேல்நிலைத் தொட்டியையும் அதிலிருந்து இறங்கும் பைப்பையும் பாருங்கள். தொட்டியின் வால்வை ராத்திரி மூடிவிட்டு, காலையில் ஈரம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

தண்ணீர் சொட்டும் இடமும் அது மேலே நுழையும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கான்கிரீட்டுக்குள் போகும் மின்சாரக் குழாய்கள் அதற்கு ராஜபாட்டை. மேற்கு மூலையில் நுழைந்த தண்ணீர் நடு ஹாலில் ஃபேன் கொக்கி வழியாக இறங்கும். ஃபேன் கொக்கியிலோ லைட் பாயின்டிலோ சொட்டினால் அந்த அறைக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை உடனே இறக்கிவிடுங்கள். மற்ற சோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

ஓடுகளை மிதித்தால் 'டொப்' என்கிறது

காலையில் வெயில் ஏறுவதற்குள் வெறுங்காலோடு மாடியில் நடங்கள். கையில் ஒரு சுத்தியல் கட்டை, இன்னொரு கையில் சாக்பீஸ். ஒவ்வோர் ஓட்டையும் கட்டையின் அடிப்பக்கத்தால் லேசாகத் தட்ட வேண்டும். ஒட்டி நிற்கும் ஓடு 'டங்' என்று இறுக்கமாகச் சொல்லும். அடியில் பிடி விட்ட ஓடு 'டொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலான ஓட்டிலெல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். முடிந்ததும் தொட்டி ஏணியில் ஏறி நின்று மாடியை மொத்தமாகப் பாருங்கள். குறிகள் விழுந்திருக்கும் விதம்தான் பதில்.

அங்கங்கே சிதறிக் கிடந்தால் அந்த ஓடுகளை மட்டும் எடுத்துப் புதிதாகப் பதித்துக்கொள்ளலாம். கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தால், சுவரும் தளமும் சேரும் மூலையில் போட்ட வளைவுப் பூச்சு விட்டிருக்கிறது, தண்ணீர் அங்கே இறங்கி ஓட்டுக்கு அடியில் ஓடுகிறது. மழைநீர் வடியும் குழாய் வாயைச் சுற்றிக் கொத்தாக இருந்தால் வாட்டமோ குழாய் வாயோ சரியில்லை. 10 அடிக்கு 2 அங்குலமாவது இறக்கம் இருக்க வேண்டும். நடு மாடியில் இரண்டு ஓடுகள் கூடாரம் போல முட்டிக்கொண்டு எழும்பியிருந்தால், வெயிலில் விரிய இடைவெளி விடாமல் இறுக்கிப் பதித்தது காரணம். அந்த வாய் வழியாக ஒரே மழைக்காலத்தில் எவ்வளவோ தண்ணீர் உள்ளே போகும்.

மாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறி விழுந்துவிட்டால், ஒட்டுப்போடுவது வீண் என்பது என் கணக்கு. ஓடு ஓடாக மாற்றும் கூலி பாதி வேலை முடிவதற்குள் மொத்தமாகப் பிரிக்கும் கூலியை எட்டிவிடும்.

இடுக்கில் செடி, ஓட்டின் மேல் பாசி

ஓடுகளுக்கு நடுவே கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அங்கே பூச்சு போய்விட்டது, அழுக்கும் பாசியும் குடியேறியிருக்கின்றன. இதற்கு மட்டும் பயப்பட வேண்டியதில்லை. கோட்டைச் சுரண்டி, கழுவி, காயவிட்டுத் திரும்பப் பூசினால் இன்னும் பல வருஷம் ஓடும். மாடி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய ஒரே பராமரிப்பு இதுதான், யாரும் செய்வதில்லை.

அரசமரக் கன்று வேறு விஷயம். காக்கை எச்சத்தில் வந்த விதை இடுக்கில் முளைக்கிறது. பிடுங்கினால் தண்டு கையோடு வரும், வேர் உள்ளே நிற்கும். ஒரு செடி பச்சையாக நிற்பதற்கு வேண்டிய ஈரம் கோடையிலும் அங்கே இருக்கிறது என்றால், அடியில் உலரவே உலராத பகுதி உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டைச் சுற்றி நாலு ஓடுகளைப் பெயர்த்து, வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

சீலிங்கில் உப்பு, துரு, காரை

வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால், ஈரம் அந்த வழியாக வந்து காய்ந்துபோயிருக்கிறது. பழைய கறையா புதுக் கறையா என்று தெரிந்துகொள்ள, பொடியைத் துடைத்துவிட்டு, கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருந்தால் வியாதி உயிரோடு இருக்கிறது.

பழுப்பாகத் துருக் கோடு, கம்பி தெரியும் அளவுக்குப் பெயர்ந்த காரை, தட்டினால் உதிரும் பூச்சு: இவை மூன்றும் சுருக்கியின் எல்லையைத் தாண்டிவிட்டன. ஈரம் கம்பியைப் பிடித்துவிட்டது. துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. இந்த நிலையில் மேலே என்ன போடுவது என்று கொத்தனாரிடம் கேட்காதீர்கள். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து தளத்தின் பலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அதற்கு அடியில் கட்டில் போட வேண்டாம்.

வெள்ளை டைல்ஸ் போட்டும் வேகிறது

இப்போது கட்டும் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிக்க ஆள் கிடைப்பதில்லை, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்பை இறுக வைத்த பக்குவமும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் வெறும் சிமென்ட் கலவையில் வாட்டம் எடுத்து, மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அந்த டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் தானாக ஒரு வெப்பத் தடுப்பு அடுக்காகாது. வெள்ளையாக இருக்கும்வரைதான் பலன். தூசும் பாசியும் படிந்து சாம்பல் நிறமானதும் அதன் வேலை குறைந்துவிடும். வெள்ளை பெயின்டுக்கும் இதே விதி.

சோதனை சின்னது. ஒரு டைல்ஸை மட்டும் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, மதியம் 1 மணிக்கு அதன் மேல் ஒரு காலும் பக்கத்து டைல்ஸ் மேல் ஒரு காலும் வையுங்கள். வித்தியாசம் உடனே தெரிந்தால் மாடியைக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும். வித்தியாசம் இல்லை, இரண்டும் ஒரே மாதிரி சுடுகின்றன என்றால் மேல்பூச்சே தேய்ந்துவிட்டது. வெள்ளை பெயின்ட் அடித்த மாடியில் அங்கங்கே கொப்புளம் கட்டி, குத்தினால் உள்ளே தண்ணீர் நின்றால், ஈரச் சுருக்கி மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெயிலில் ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடுகிறது, பெயின்ட் விடவில்லை. இதற்கு மேல் இன்னொரு கோட்டு அடிப்பது பணத்தைக் கரைப்பது.

"சார், மேல ரெண்டு கோட்டு கெமிக்கல் அடிச்சிட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடியில ஈரம் இருக்கான்னு எப்படிங்க பாத்தீங்க?" பதில் வரும் வேகத்தில் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

தெர்மாகோல் சீலிங், தகர ஷீட்

சுருக்கி இல்லாத இடங்களுக்குச் சுருக்கமாக. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைத்த தெர்மாகோல் மஞ்சளாகி, பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். எலிப் புழுக்கை, எறும்புப் புற்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மாடி ஷீட்டுக்கு அடியில் ஒட்டிய அலுமினியத் தாள் பளபளப்பை இழந்தாலோ, தொய்ந்து தகரத்தைத் தொட்டாலோ வேலை செய்யாது. தாளுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும். மார்கழி விடியலில் மழையில்லாமல் தகர ஷீட்டுக்கு அடியில் சொட்டினால் அது பனி ஈரம், ஓட்டை இல்லை. கண்ணாடிப் பஞ்சு ஒருமுறை நனைந்து தொங்கிவிட்டால் காயவைத்துத் திருப்பி வைக்க முடியாது, தூக்கிப்போடுவதுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பழசாகிவிட்டது என்று சுத்தியலால் உடைத்து இறக்காதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்கு எமன். நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா?

மழை நின்று ஒரு வாரமாவது கழித்து, ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி பாலிதீன் தாள் ஒன்றை எடுத்து, ஓட்டின் மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்று புகாமல் அகல டேப்பால் ஒட்டுங்கள். ஒரு பகல் ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும். மறுநாள் தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் அது கீழேயிருந்து வந்த ஈரம். மாடியில் மூன்று நான்கு இடங்களில் இதைச் செய்தால் ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடமே கிடைத்துவிடும்.

கடைசி வழி, ஓர் ஓட்டைப் பெயர்த்துப் பார்ப்பது. மிக மோசமான இடத்தில் ஒன்று, நல்ல இடத்தில் ஒன்று. உளியால் சுருக்கியை ஒரு கை அகலத்துக்குத் தளம் வரை தோண்டச் சொல்லுங்கள். உயிருள்ள சுருக்கி உளிக்கு மசியாது. வெளிறிய இளஞ்சிவப்பாக, ஜல்லியும் சுண்ணாம்பும் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொண்டு, சில்லு சில்லாகத் தெறிக்கும். செத்த சுருக்கி கருஞ்சிவப்பாக இருக்கும். ஜல்லி தனி, சுண்ணாம்பு மண் தனி என்று விரலாலேயே கிளறலாம். கைப்பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கை ஈரமாகும், மண்வாசனை அடிக்கும். குழியின் அடியில் கான்கிரீட் பளபளவென்று நனைந்திருந்தால் மேற்கொண்டு விவாதம் தேவையில்லை.

நல்ல இடத்துக் குழியும் ஈரம், கெட்ட இடத்துக் குழியும் ஈரம்: மொத்தமாகப் பிரிக்க வேண்டும். நல்ல இடம் காய்ந்திருந்தால் கெட்ட பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துப் புதுசாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் காய்ந்து, இறுகி இருந்தால் சுருக்கியைத் தொடாதீர்கள். கோடுகளைப் பூசி, மேலே வெள்ளை அடித்துக்கொண்டால் போதும்.

பிரிப்பது என்று முடிவான பிறகு

பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு பதித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஈரம் உள்ளே சிறைப்படுவது ஒரு பக்கம், பாரம் இன்னொரு பக்கம். 4 அங்குலச் சுருக்கியே சதுர அடிக்குப் பதினெட்டு கிலோவுக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. கலவையோடு சேர்த்து இன்னோர் ஓட்டு அடுக்கு அதில் பாதி அளவாவது கூட்டும். பிரித்த குப்பையை மாடி நடுவில் குவித்து வைப்பதும் அதே தப்பு, அன்றன்றே இறக்கிவிட வேண்டும்.

மாசி, பங்குனி இதற்கு ஏற்ற மாதங்கள். தளம் வெளிவந்ததும் சில நாள் வெயில் காயவிட்டு, விரிசல்களை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சை நேராகக் கான்கிரீட்டின் மேலும் கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரத்துக்கும் ஏற்றுவது முறை. அதற்கு மேல் என்ன போடுவது என்பதில் என் ஓட்டு இப்படி: சுண்ணாம்புச் சுருக்கி அடிக்கத் தெரிந்த ஆள் ஊரில் இருந்தால் அதுவே போதும், தண்ணீரையும் மன்னிக்கும். ஆள் இல்லையென்றால் சிமென்டில் செங்கல் ஜல்லி கலந்து ஒப்பேற்றுவதைவிட, 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (தெர்மாகோலைவிட இறுக்கமான ஃபோம் பலகை) பதித்து, மேலே கம்பி வலையோடு கான்கிரீட் பூச்சும் டைல்ஸும் போடலாம். போர்டின் துளைகள் மூடியவை, தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. முன்பு சொன்ன 1.2 வரம்புக்குக் கீழேயும் தாராளமாக இறங்கிவிடும். டிவி பெட்டிக்குள் வரும் மெல்லிய தெர்மாகோலை இதற்குப் பயன்படுத்தினால் நடக்க நடக்க அமுங்கி, மேல்பூச்சு விரிசல் விடும்.

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், போர்டோ சுருக்கியோ ஏறுவதற்கு முன், வடிகுழாய் வாய்களை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே வந்து சீலிங்கையும் லைட் பாயின்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அன்று கூலி மிச்சம், மேல் வேலை ஆரம்பிக்க வேண்டாம். கொத்தனாருக்குக் கொடுக்கும் தவணையில் பெரிய பங்கை இந்தச் சோதனைக்குப் பின் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.